வேகம் கூடும் குழாய் ஓட்டத்தில் உராய்வு ஏன் இடையில் இறங்குகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி: 100 மி.மீ. விட்டமுள்ள குழாயில் நீரின் சராசரி வேகத்தை ஒரே விநாடியில் 0.1 மீ/வி-இலிருந்து 0.4 மீ/வி-க்கு உயர்த்துகிறேன். சுவர்ச் சார்புடன் (சுவரருகே ஓட்டத்தைத் தீர்க்காமல் ஆயத்த விதியால் நிரப்பும் முறை) கூடிய, கொந்தளிப்பைக் கணிக்கும் கே-எப்சிலான் கணினி மாதிரியில் சுவர் உராய்வு வேகத்தோடு சேர்ந்தே ஏறி நின்றுவிடுகிறது. சோதனையிலோ, வேகம் நிலைத்த பிறகு உராய்வு இறங்கி, மறுபடி ஏறுகிறது. பழுது உணரியிலா, கணிப்பிலா?

உணரியைக் குறை சொல்ல வேண்டாம். பழுது கணிப்பில்தான் இருக்கிறது.

வேகம் கூடும்போது குழாயின் நடுப்பகுதி நீர் முழுவதும் ஒரே கட்டியாக முன்னே தள்ளப்படுகிறது. ஏற்கெனவே இருந்த கொந்தளிப்போ (நீரின் ஒழுங்கற்ற சுழல் அசைவு) புதிய வேகத்துக்கு உடனே ஈடுகொடுப்பதில்லை. அதனால் சுவரை ஒட்டி, பாகுநிலையால் (நீரின் உள் உராய்வால்) மட்டும் வளரும் ஒரு புதிய மெல்லிய படலம், கிட்டத்தட்ட வரிச்சீர் ஓட்டத்தை (சுழலின்றி அடுக்கடுக்காகச் செல்லும் ஓட்டம்) போலவே, உருவாகிறது. உங்கள் எண்களைக் கொண்டு கையால் கணக்கிட்டாலே, தொடக்கத்தில் 0.04 பாஸ்கலாக இருந்த உராய்வு 1 விநாடியில் ஏறத்தாழ 0.38-ஐத் தொட்டு, படலம் தடிக்கத் தடிக்கக் குறைந்து, 2-ஆம் விநாடியில் 0.18 அளவுக்கு இறங்கிவிடும் என்று தெரியும். அந்த வேளையில்தான் படலத்துக்குள் கொந்தளிப்புத் திட்டுகள் முளைத்துப் பரவ, உராய்வு மீண்டும் ஏறி 0.45 பாஸ்கலில் நிலைக்கிறது. 2013-இல் ஹீ, செத்திகி ஆகிய ஆய்வாளர்கள் கால்வாய் ஓட்டத்தை நேரடி எண்முறையில் (மாதிரி எதுவுமின்றிக் கொந்தளிப்பு முழுவதையும் கணக்கிடும் முறை) கணித்து, இது தட்டையான தகட்டின் மேல் வரிச்சீர் ஓட்டம் கொந்தளிப்பாக மாறுவதை ஒத்த நிகழ்வு என்று காட்டினார்கள். பழைய கொந்தளிப்பு அங்கே வெளியிலிருந்து தூண்டும் சலனத்தின் வேலையைச் செய்கிறது.

சுவர்ச் சார்பு என்பது, சுவருக்கருகே வேகம் எப்போதும் மடக்கை விதிப்படியே (சுவரிலிருந்து உள்ள தூரத்தின் மடக்கைக்கேற்ப) பரவியிருக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடும் ஏற்பாடு. இங்கே முறிவது அந்த விதியேதான் என்பதால், கணக்கீட்டு வலையை எவ்வளவு நுணுக்கினாலும் இறக்கம் தெரியாது. சுவர்ச் சார்பை நீக்கிவிட்டு, லாண்டர்–ஷர்மா போன்ற, சுவர் வரை தீர்க்கும் தாழ் ரெனால்ட்ஸ் எண் (நிலைமத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதம்) மாதிரியையோ, வரிச்சீரிலிருந்து கொந்தளிப்புக்கு மாறும் நிலைமாற்றத்தைத் தனிச் சமன்பாடுகளால் கணிக்கும் மாதிரியையோ எடுங்கள். முதல் வலைப்புள்ளி சுவரிலிருந்து 0.05 மி.மீ.-க்கு மேல் விலகக் கூடாது, காலப்படி 0.001 விநாடி போதும். முழு நீளக் குழாயையும் வரைந்து பலர் கணினியை வீணே வாட்டுகிறார்கள். ஓட்டம் முழுமையாக வளர்ந்ததாக (குழாயின் நீளத்தில் வேகப் பரவல் மாறாததாக) இருந்தால், நேரத்துக்கேற்ற அழுத்தச் சரிவைக் கொடுத்து ஆரத் திசையில் மட்டும் நூறு புள்ளிகளில் தீர்த்தாலே சாதாரண மடிக்கணினி சில நிமிடங்களில் விடை தந்துவிடும். தொடக்க நிலையாக 0.1 மீ/வி-க்குரிய நிலைத்த கொந்தளிப்புத் தீர்வையே கொடுக்க வேண்டும். அதைக் குறைத்துக் கொடுத்தால் நிலைமாற்றம் தாமதமாகும்.

நேரடி எண்முறைக் கணிப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் இறுதி ரெனால்ட்ஸ் எண் 40,000. அதற்கு மீக்கணினி வேண்டும்.

சுவரில் பதித்த உணரியோடு அழுத்தமானியையும் வைத்து உராய்வைச் சரிபார்ப்பதாக இருந்தால், முடுக்கம் நடக்கும் அந்த ஒரு விநாடியில் நீரின் நிலைமத்துக்காக மட்டுமே மீட்டருக்கு 300 பாஸ்கல் செலவாகிறது என்பதையும், நிலைத்த பிறகான உராய்வு இழப்போ மீட்டருக்கு 18 பாஸ்கல்தான் என்பதையும் மனத்தில் கொண்டு, முந்தையதைக் கழித்த பிறகே ஒப்பிடுங்கள்.