கேள்விக்கூடை: கொடுத்த பேரும் பிடுங்கிய பேரும்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபின் எழுதிய ‘டெசிரேயின் குழந்தை’ கதையைத் தமிழில் சொல்லிப் பேசினோம். கடைசியில் ஒரு பழைய கடிதம் வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறது. இது வாசகரை ஏமாற்றும் வித்தைதானே டீச்சர்? அதுபோக, ‘வீட்டுக்கு வா’ என்று அம்மாவே எழுதிய பிறகும் அந்தப் பெண் ஏன் அங்கே போகவில்லை?
— ஓர் ஆசிரியர், கொட்டகலை

பதில்: படிக்காதவர்களுக்காக முதலில் கதை. அமெரிக்காவின் தென்பகுதி, லூசியானா, அடிமைமுறை இருந்த காலம். டெசிரே கண்டெடுக்கப்பட்ட பிள்ளை. பெற்றவர் யாரென்று தெரியாது; நீங்கள் சொல்லும் அம்மா, எடுத்து வளர்த்தவர். பக்கத்துத் தோட்ட முதலாளி ஆர்மண்ட் ஆசைப்பட்டுக் கட்டிக்கொள்கிறான். குழந்தைக்கு மூன்று மாதமாகும்போது அதன் நிறம் வெளுப்பில்லை என்று தெரிகிறது. உனக்குக் கறுப்பு ரத்தம் என்கிறான் கணவன். ‘போகட்டுமா?’ என்று கேட்கிறாள். ‘போ’ என்கிறான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரை நாணலுக்குள் போனவள் திரும்பவில்லை. சில வாரம் கழித்து அவள் சாமான்களை எரிக்கும்போது அவனுடைய தாயின் பழைய கடிதம் அகப்படுகிறது. கறுப்பு ரத்தம் அந்தத் தாயிடமிருந்து வந்தது, அதாவது அவனுக்குத்தான்.

1893ல் வோக் என்ற நாகரிக உடை இதழில் வந்த கதை இது. சட்டைத் துணிப் படங்களுக்கு நடுவே இதை எப்படிப் படித்தார்களோ!

வித்தை என்று நான் சொல்லமாட்டேன். எல்லாம் முன்னமே சொல்லியாகிவிட்டது, நாம்தான் கவனிக்கவில்லை. ‘என் கையைப் பாருங்கள், உங்கள் கையைவிட வெள்ளை’ என்று அவள் சொல்கிறாள். லா பிளான்ஷ் என்று ஓர் அடிமைப் பெண் வருகிறாள். பேருக்கே வெள்ளைக்காரி என்றுதான் அர்த்தம். அவளுடைய கலப்பு நிறப் பையன் மயில் தோகை விசிறியால் குழந்தைக்கு வீசிக்கொண்டு நிற்கிறான். அவனையும் தன் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்த பிறகுதான் டெசிரேக்கு உறைக்கிறது. அதற்கு முன்பே, குழந்தை அழுதது லா பிளான்ஷின் குடிசை வரை கேட்டதாக ஆர்மண்ட் சொன்னான் என்று அவள் பெருமையாகச் சொல்லியிருந்தாள். சரி, அவனுக்கு அந்தக் குடிசையில் என்ன வேலை? கதையில் ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் வாசகர் வட்டத்தில் யாராவது கேட்டார்களா?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்தான் நான் பிறந்தேன். அங்கே எங்கள் காம்பராவுக்கு, அதாவது அறைக்கு, இரண்டு தள்ளி, பூனைக்கண்ணோடு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. நல்ல வெளுப்பு. லயமே ‘துரைச்சி’ என்று கூப்பிட்டது, பாசமாகத்தான். ஆனால் அவளுடைய அப்பா கள்ளுத் தவறணைக்குப் போய்வந்த இரவுகளில் வாசலில் நின்று மனைவியிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். அந்தக் கேள்வியை இங்கே எழுத வேண்டியதில்லை. ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வேலை பார்த்தது அவருடைய அப்பாயியா, அந்த அம்மாவின் அம்மாயியா என்று எவருக்கும் தெரியாது. இருந்தும் குற்றவாளி யார் என்பதில் லயத்துக்குச் சந்தேகமே வரவில்லை. ஷோபினின் கதையை நாற்பது வயதுக்குப் பிறகுதான் படித்தேன். படித்த இரவு அந்த அம்மாவின் முகம்தான் வந்தது. ஒரு சொல் பதில் பேசாமல், உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இவள் பேரில்லாத பெண்ணாயிற்றே என்று கல்யாணத்துக்கு முன்பே ஆர்மண்டை எச்சரிக்கிறார்கள். பேர் எதற்கு, லூசியானாவின் மிகப் பழைய பேரை நானே தருகிறேன் என்பது அவன் நினைப்பு. நம் ஊரில் ‘பேர்’ என்றால் நாட்சம்பளமும்தான். நாளெல்லாம் மலையில் நின்றவளுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். எழுதுகிற பென்சில் அவள் கையில் இல்லை. டெசிரேயின் கதையும் அப்படித்தான். அவன் கொடுத்த பேர், அவன் ‘போ’ என்றதும் வெட்டப்படுகிறது. அம்மாவின் வீடு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டிலும் அவள் வாசலில் கிடந்து எடுக்கப்பட்டவள். மறுபடியும் ஒருவர் தயவில் ஒரு பேர் வாங்க அவளுக்கு மனமில்லை என்றுதான் நான் படிக்கிறேன். ஓடையில் அவள் இறந்தாள் என்று ஷோபின் எழுதவும் இல்லை, திரும்பி வரவில்லை என்பதோடு விட்டுவிட்டார்.

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டனின் ‘வியர்வை’ கதையில் மனைவி கண்ணெதிரே கணவன் சாகிறான், அவள் உதவவில்லை. இவளைக் கொலைகாரி என்று சொல்லலாமா?
— உயர்தர வகுப்பு மாணவி, தலவாக்கலை

பதில்: நீதிமன்றத்தில் என்ன சொல்வார்களோ, நான் சொல்லமாட்டேன். மகளே, பாம்பைக் கொண்டுவந்தது யார்? 1926ல் வந்த கதை. புளோரிடாவில் கறுப்பின மக்களே வாழும் ஊர். டீலியா பதினைந்து வருடமாக வெள்ளைக்காரர் துணி வெளுத்து வீட்டைக் காப்பாற்றுகிறாள். வேறொருத்தியை அந்த வீட்டில் குடிவைக்க நினைக்கும் கணவன் சைக்ஸ், துணிக்கூடையில் விஷப்பாம்பை விடுகிறான். அது கடைசியில் அவனையே கடிக்கிறது. அவள் ஒரு மரத்தடியில் நிற்கிறாள். நம் வேம்புக்கு உறவான மரம். டாக்டர் இருக்கும் ஊர் எட்டாத தூரம்.

கதையில் வெள்ளைக்காரர் ஒருவர்கூட மேடைக்கு வருவதில்லை, அவர்களுடைய அழுக்குத் துணிதான் வருகிறது. அந்தத் துணியை உதைக்கத்தான் சைக்ஸுக்குத் துணிச்சல், துணிக்காரரை உதைக்க முடியாது. மிச்சக் கோபம் மனைவி மேல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் கங்காணி ‘டேய்’ என்று கூப்பிட்டதை வாயை மூடிக் கேட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டில் துரையாகிற ஆண்களை நானும் பார்த்து வளர்ந்தவள்தான். அவர்களுக்காக இரங்குவேன். அடி வாங்கியவள் எதிரில் அந்த இரக்கத்தை எடுத்துப் பேசமாட்டேன்.

ஆனால் டெசிரேக்கும் டீலியாவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். டீலியாவின் வீடு அவள் காசு. வாணலிச் சட்டியைக் கையில் எடுத்து எதிர்த்துப் பேசும் தைரியம் அங்கிருந்துதான் வருகிறது. என் அம்மாவின் சம்பளத்தை அப்பாதான் கைநீட்டி வாங்குவார். அந்த நேரத்தில் அம்மா, கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவில் தம்பியைத் தூக்கிக்கொண்டிருப்பார். 1984 வரை பெண்ணின் நாட்சம்பளமே ஆணைவிடக் குறைவு, அதையும் எண்ணிப் பார்க்கக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை பறித்த கொழுந்துக்குக் கொடுக்கும் கைக்காசு மட்டும் அம்மா கையில் நேராக விழும். அதில்தான் எனக்கு முதல் பாட்டா செருப்பு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் குரலே வேறு. அப்பாவிடம் ‘தண்ணி நீங்களே ஊத்திக்குங்க’ என்பார்.

கேள்வி: அமெரிக்க அடிமைகள் கதை நமக்கு எதற்கு? நாம் அடிமைகள் இல்லையே?
— வாசகர், ஹப்புத்தளை

பதில்: இல்லைதான். நம் பாட்டன்களைச் சந்தையில் நிறுத்தி விற்கவில்லை. கடனில் கட்டினார்கள், அந்தக் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். அங்கே தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று சட்டமே இருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் கட்டிக்கொள்ளக் கூடாது என்ற சட்டங்கள் அங்கே முழுதாகச் செத்தது 1967ல். இரண்டையும் ஒன்றென்று சொல்வது இரண்டு பக்கத்துக்கும் அவமரியாதை. ஆனால் சந்தேகம் எப்போதும் பெண்ணின் வாசலில் வந்து நிற்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

கேள்வி: மகனுக்குப் பெண் தேடுகிறோம். விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ என்று போடலாமா?
— ஒரு தாய், பண்டாரவளை

பதில்: போடுங்கள் அம்மா. கூடவே மாப்பிள்ளையின் நிறத்தையும், வரப்போகிறவளின் சம்பளத்தை யார் வாங்குவார் என்பதையும் போடுங்கள். சொல்லுக்கு இவ்வளவு என்றுதானே காசு, நாலைந்து சொல் கூடினால் பெரிய செலவில்லை.