கரீபியன் கடற்கரையில் மோதிரத்தோடு ஒரு மாலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் அவளும் நான்கு வருடமாகக் காதலிக்கிறோம். ஆறு நாள் கரீபியன் டூர் போய், அங்கே அவள் எதிர்பார்க்காத நேரத்தில் மோதிரத்தை நீட்டிக் கல்யாணத்துக்குக் கேட்கப் போகிறேன். செப்டம்பரில் ரிசார்ட் கட்டணம் நன்றாகக் குறைகிறதே, அப்போது போகலாமா? எந்தத் தீவு நல்லது?

பதில்: கட்டணம் குறையக் காரணமே புயல்தான். அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதில் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் உச்சம். சும்மா ஊர் சுற்றுகிற பயணம் என்றால் துணிந்து பார்க்கலாம். ஒரு மாலைப் பொழுதை நம்பிப் போகிற பயணத்துக்கு செப்டம்பர் வேண்டவே வேண்டாம். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை வானிலை அருமை, ஆனால் கட்டணமும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். எங்கள் ஓட்டு ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே முடிய. சீசன் கட்டணம் இறங்கியிருக்கும், புயல் காலம் தொடங்கியிருக்காது.

அந்த மாதங்களில் ஒரே தொல்லை சர்காசம் என்கிற பழுப்பு நிறக் கடல்பாசி. 2011-லிருந்து பல வருடங்களில் வசந்தத்திலும் கோடையிலும் இது மலையாய் வந்து ஒதுங்குகிறது. அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளியாகும். அழுகிய முட்டை நாற்றம். அது ஒதுங்குவது பெரும்பாலும் அட்லாண்டிக்கைப் பார்த்த கிழக்குக் கரையில். மேற்குக் கரையில் அலையும் குறைவு, சூரியன் மறைவதும் அந்தப் பக்கம்தான். ஆகவே எந்தத் தீவானாலும் ரூம் மேற்குக் கரையில் எடுங்கள். ரிசார்ட் இணையதளத்தில் உள்ள படத்தை நம்பாமல், வரைபடத்தில் கடற்கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள்.

இயற்கை அழகுக்கு செயின்ட் லூசியா. கடலிலிருந்து நேராக எழும் கிரோ பிடோன், பெட்டி பிடோன் என்ற இரண்டு சிகரங்களும் சேர்ந்த பகுதி 2004-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். இங்கே பலர் கோட்டை விடுவது ரூம் எடுப்பதில்: வடக்கே ரோட்னி பே பக்கம் தங்கிவிட்டு, பிடோன் எதிரே ப்ரபோஸ் பண்ணத் திட்டம் போடுவார்கள். நடுவே மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. தலைசுற்றலோடு வந்து இறங்குகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது? பிடோன்தான் வேண்டும் என்றால் சூஃப்ரியேர் ஊர்ப் பக்கம் தங்குங்கள். பெரிய விமானங்கள் இறங்கும் ஹெவனோரா நிலையமும் தீவின் தென்கோடியில்தான் இருக்கிறது.

அலுங்காமல் குலுங்காமல் போய்வர பார்படோஸ். ஆன்டிகுவாவில் ஷெர்லி ஹைட்ஸ் மேட்டிலிருந்து இங்கிலீஷ் ஹார்பரைப் பார்ப்பது பேரழகு. ஆனால் ஞாயிறு மாலை அங்கே ஸ்டீல் பேண்ட் என்கிற இரும்பு டிரம் கச்சேரியும் பெருங்கூட்டமும் இருக்கும். வேறு கிழமை போங்கள்.

செப்டம்பரில்தான் லீவு கிடைக்கும் என்றால் அரூபா, பொனேர், குராசோ மூன்றில் ஒன்று. வெனிசுலாவை ஒட்டி, வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் நேரடி அடி விழுவது அபூர்வம். தெற்கே இருக்கும் தீவெல்லாம் பத்திரம் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். கிரெனடாவை 2004-ல் இவான் புயல் சூறையாடியது. அதே நாட்டின் கரியாக்கூ தீவை 2024 ஜூலை 1 அன்று பெரில் தாக்கியது. பயண இன்ஷூரன்ஸை டிக்கெட் போட்ட கையோடு எடுத்துவிடுங்கள். ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கிற பாலிசி, பொதுவாக அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்குப் பணம் தராது.

விசாவையும் இப்போதே பாருங்கள். போர்ட்டோ ரிக்கோவும் அமெரிக்க விர்ஜின் தீவுகளும் அமெரிக்க விசா கேட்கும். மயாமியில் விமானம் மாறுவதற்குக்கூட, விசா தேவைப்படும் நாட்டவர் அமெரிக்க விசா வைத்திருக்க வேண்டும். மார்ட்டினிக், குவாதலூப் இரண்டும் பிரான்ஸைச் சேர்ந்தவை என்றாலும், பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லுகிற ஷெங்கன் எல்லைக்குள் வராதவை. ஷெங்கன் விசா கையில் இருக்கிறதே என்று கிளம்பிவிடக் கூடாது. இதனால்தான் சொல்கிறோம், பயணத்தையே ரகசியமாக்க முயல வேண்டாம். விசா, லீவு, பெட்டி கட்டுவது என்று எல்லாவற்றிலும் அவருக்கும் பங்கு உண்டு. கேட்கப் போகிற அந்த ஒரு கேள்வி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும்.

கேள்வி: மோதிர அளவை அவளுக்குத் தெரியாமல் எப்படி எடுப்பது? விமானத்தில் எப்படிக் கொண்டு போவது?

பதில்: அவர் இடது கை மோதிர விரலில் போடுகிற பழைய மோதிரம் ஒன்று வேண்டும். நடுவிரல் மோதிரமோ வலது கை மோதிரமோ சரியான அளவைத் தராது. உள்பக்க விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்: அமெரிக்க அளவில் 6 என்றால் 16.5 மி.மீ., 7 என்றால் 17.3 மி.மீ. ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, அதனால் பள்ளிக்கூட ஸ்கேல் உதவாது. நகைக்கடையில் கொடுத்து அளந்து, மோதிரத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் பெரியதை எடுங்கள். நீண்ட விமானப் பயணத்திலும் வெயிலிலும் விரல் வீங்கும். மூட்டில் சிக்கி நிற்கிற மோதிரத்தை அந்த நேரத்தில் திருகித் தள்ளிக்கொண்டிருப்பது இருவருக்கும் கஷ்டம். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பின்னால் பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோ மிகக் கடினம் என்பதையும் மனதில் வையுங்கள்.

செக்-இன் பெட்டியில் மோதிரத்தைப் போடவே கூடாது. நகைக்கடை தருகிற சதுர டப்பா எந்தப் பையிலும் புடைத்துக்கொண்டு தெரியும். தட்டையாக மூடுகிற மெல்லிய டப்பா தனியாகக் கிடைக்கிறது, அதற்கு மாற்றுங்கள். பாதுகாப்புச் சோதனையில்தான் பல ரகசியங்கள் உடைகின்றன. டப்பாவை பேன்ட் பாக்கெட்டில் வைத்தால் எடுத்து ட்ரேயில் போடச் சொல்வார்கள், அவர் பக்கத்திலேயே நிற்பார். ஹேண்ட் லக்கேஜில் சார்ஜர், கேபிள் போடுகிற ஜிப் பைக்குள் வைத்து, அவரை முதலில் அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் போங்கள். பையைத் திறக்க வேண்டும் என்றால், தனியாகச் சோதிக்கும்படி ஊழியரிடம் மெதுவாகக் கேட்கலாம்.

ரூம் லாக்கரை அவரும் திறப்பார். ரிசப்ஷனில் பாதுகாப்புப் பெட்டகம் இருந்தால் ரசீது வாங்கிக்கொண்டு அங்கே வைப்பது உத்தமம். இன்ஷூரன்ஸில் ‘ஒரு பொருளுக்கு அதிகபட்சம்’ என்று ஒரு வரம்பு இருக்கும், மோதிரத்தின் விலை அதைத் தாண்டினால் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அவர் சம்மதம் சொன்ன பிறகும் ஒரு எச்சரிக்கை. கடல் நீர் பட்டால் விரல் குளிர்ந்து சுருங்கும், மேலே சன்ஸ்கிரீன் வழுவழுப்பு. மோதிரம் நழுவிப் போக இது போதும். நீந்தப் போகும்போது கழற்றி வையுங்கள். செயின்ட் லூசியாவின் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் சேற்றுக் குளியலில் வெள்ளி கறுத்துவிடும், அங்கேயும் வேண்டாம்.

கேள்வி: இரவில் தண்ணீர் ஒளிர்கிற விரிகுடா ஒன்றில் கயாக் படகில் ப்ரபோஸ் பண்ணலாம் என்று நினைக்கிறேன். சரி வருமா?

பதில்: நீங்கள் சொல்வது போர்ட்டோ ரிக்கோவின் வியேகஸ் தீவில் உள்ள மஸ்கிட்டோ பே-யாக இருக்கும். துடுப்பு பட்டதும் நீலப் பச்சையாக மினுங்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அதை அனுபவிக்க நல்ல இருட்டு வேண்டும், அமாவாசையை ஒட்டிய நாட்கள்தான் சிறப்பு. அந்தக் கும்மிருட்டில் அவர் முகம் உங்களுக்குத் தெரியாது, மோதிரம் அவருக்குத் தெரியாது, போட்டோவில் எதுவும் விழாது. ஆடுகிற கயாக்கில் மோதிரம் கைதவறினால் கதை முடிந்தது. அங்கே தண்ணீரில் இறங்கி நீந்தவும் தடை. கரையில் மாலையிலேயே கேட்டுவிடுங்கள். இரவில் இருவருமாக ஒளிர்கிற தண்ணீரைப் பார்க்கப் போங்கள். கொசு விரட்டி பூசிக்கொண்டு தண்ணீரில் கைவிட வேண்டாம், அந்த உயிர்களுக்கு அது கெடுதல்.

படகுதான் ஆசை என்றால் சூரியன் மறையும் நேரத்து கேட்டமரான் (அடிப்பாகம் இரண்டாக உள்ள) படகு நல்லது. நங்கூரம் போட்டு நின்ற பிறகு, கைப்பிடிக் கம்பியை விட்டுத் தள்ளி, நடுத்தளத்தில் கேளுங்கள். மோதிரத்தை மெல்லிய ரிப்பனால் டப்பாவோடு கட்டி வைத்திருங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவருக்கு, படகில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை தர வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் கொடுத்தால் பெரிதாகப் பலன் இருக்காது.

கேள்வி: போட்டோகிராபர் மறைந்திருந்து எடுக்க வேண்டும். மெழுகுவத்தி, ரோஜா இதழ் எல்லாம் வைக்கலாமா? எத்தனை மணிக்கு?

பதில்: நேரத்தை முதலில் பிடியுங்கள். பார்படோஸில் டிசம்பரில் மாலை 5.35 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், ஜூனில் 6.25 வாக்கில். அரூபாவிலும் கடிகாரம் அதேதான், ஆனால் தீவு மேற்கே தள்ளி இருப்பதால் சுமார் 40 நிமிடம் தாமதமாக மறையும். எந்தத் தீவானாலும் அந்தி நீடிக்காது. மறைந்து இருபத்தைந்து நிமிடத்துக்குள் இருட்டு கட்டிவிடும். ஆகவே மறைவதற்கு 45 நிமிடம் முன்பே இடத்தில் நில்லுங்கள், 30 நிமிடம் இருக்கும்போது கேளுங்கள். மிச்ச வெளிச்சம் போட்டோவுக்கு. சூரியனை நேராக முதுகுப் பக்கம் வைத்தால் இருவரும் கறுப்பு உருவமாகத்தான் தெரிவீர்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழட்டும்.

போட்டோகிராபரோடு ஒரு அடையாளத்தை, ஒரு வளைந்த தென்னை, ஒரு படகுத்துறை என்று முன்பே பேசி வையுங்கள். மண்டியிடும்போது கேமரா இருக்கிற பக்கத்து முழங்கால் தரையில் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் தூக்கிய முழங்கால் உங்கள் கையையும் டப்பாவையும் மறைத்துவிடும். டப்பா எந்தப் பக்கம் திறக்கிறது என்பது ரூமிலேயே கைக்குப் பழகட்டும். தலைகீழாகத் திறந்து மோதிரம் மணலில் விழுவது நடக்கக்கூடியதுதான். வெளியிலிருந்து வரும் போட்டோகிராபரைச் சில ரிசார்ட்டுகள் உள்ளே விடாது, அல்லது தனிக் கட்டணம் கேட்கும். முன்பணம் கொடுக்கும் முன் ரிசார்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ட்ரோன் என்றால் பல தீவுகளில் முன் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் சுங்கத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

மெழுகுவத்தி அங்கே கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வியாபாரக் காற்றில் நிற்காது, டிசம்பர் முதல் மார்ச் வரை இன்னும் பலமாக வீசும். உயரக் கண்ணாடிக் கூண்டு விளக்கு வேண்டும், அல்லது பேட்டரி விளக்கு. இதழ் நிமிடத்தில் பறந்துவிடும். மணலில் அழுத்தி வைக்கிற முழுப் பூ நிற்கும். கடலாமைகள் முட்டையிட வருகிற கரைகளில் அந்தக் காலத்தில் விளக்கும் நெருப்பும் வைக்கவே கூடாது. வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சுகள் கடலை விட்டு நிலத்துக்கு ஏறி மடியும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தலைக்கு மேலே இருக்கிற மரத்தைப் பாருங்கள். மான்சினீல் என்று ஒரு கடற்கரை மரம், பளபளக்கும் இலை, சின்னப் பச்சை ஆப்பிள் போன்ற காய். அந்த மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், காயைக் கடித்தால் தொண்டை வெந்துபோகும். மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினால் சொட்டுகிற நீரே போதும். சில இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள், எல்லா இடத்திலும் அல்ல. இன்னொரு தொல்லை, அந்தியில் கணுக்காலைக் குறிவைக்கும் மணல் ஈ. அவருக்கும் சேர்த்து விரட்டி கொண்டு போங்கள். பெரிய சொகுசுக் கப்பல் துறைமுகத்தில் நிற்கிற நாளில் கடற்கரை நிரம்பி வழியும். பெரும்பாலான கப்பல்கள் மாலையில் கிளம்பிவிடும் என்றாலும், துறைமுகத்தின் கப்பல் அட்டவணையைப் பார்த்து கப்பல் இல்லாத நாளை எடுப்பது நிம்மதி.

நாள்? ஆறு நாள் பயணத்தில் இரண்டாவது அல்லது மூன்றாவது மாலை. முதல் நாள் களைப்பு. கடைசி நாளுக்கு வைத்தால் மழை வந்தால் மாற்று மாலை இல்லை, அதுவரை உங்கள் மனமும் எந்தக் காட்சியிலும் ஒட்டாது. போட்டோகிராபரிடம் அடுத்த நாளையும் மாற்று நாளாகக் குறித்து வையுங்கள்.

கேள்வி: ரிசார்ட்காரர்களாலேயே விஷயம் வெளியாகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: நியாயமான பயம். புக்கிங்கில் உள்ள மின்னஞ்சல் இருவருக்கும் பொதுவானது என்றால், ‘உங்கள் ப்ரபோசல் டின்னர் உறுதி’ என்ற கடிதம் அவர் கண்ணில்தான் முதலில் படும். இதற்கென்றே தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். ரூம் போனுக்கு அழைக்கக் கூடாது, உங்கள் வாட்ஸ்ஆப் எண்ணில் மட்டும் தொடர்பு என்று எழுதுங்கள். பில்லில் அந்த வரி ‘டின்னர்’ என்று மட்டும் வரட்டும். செக்-இன் செய்யும்போது ‘வாழ்த்துகள்’ என்று யாரும் சொல்லக் கூடாது என்பதையும் எழுதுங்கள். வரவேற்பில் நிற்பவர் வேறு, உங்களுக்குக் கடிதம் எழுதியவர் வேறு. போட்டோகிராபரின் எண்ணை டாக்ஸி டிரைவர் போன்ற சாதாரணப் பெயரில் பதிந்து, செய்தி முன்திரையில் தெரியாதபடி போனை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நான் பெண். என் நண்பரிடம் நான்தான் கேட்கப் போகிறேன். அவருக்குக் கூட்டம் என்றாலே ஆகாது.

பதில்: மனமார்ந்த வாழ்த்துகள். அப்படியானால் ரெஸ்டாரண்ட் வேண்டாம். கேக்கும் பாட்டுமாக மொத்த ஹாலும் திரும்பிப் பார்க்கும். ரூம் பால்கனி அல்லது காலை ஆறரை மணிக் கடற்கரை எடுங்கள். காலையில் மேற்குக் கரையில் காற்று மெல்லியது, ஆள் நடமாட்டமும் மிகக் குறைவு. மறைந்திருக்கும் போட்டோகிராபரும் அவருக்கு அந்நியர்தான், அதைத் தவிர்த்து மறுநாள் சொல்லிவிட்டு எடுங்கள்.

கேள்வி: விலை ‘டாலர்’ என்று போட்டிருக்கிறார்களே, எந்த டாலர்?

பதில்: கேட்டே தீர வேண்டும். செயின்ட் லூசியா, ஆன்டிகுவா, கிரெனடா ஆகியவற்றில் கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70. பார்படோஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலருக்கு 2. வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த விலையா என்றும் கேளுங்கள்.

கேள்வி: சம்மதம் சொன்னால் அதே பயணத்தில் கல்யாணத்தையும் அங்கேயே பதிவு செய்ய முடியுமா?

பதில்: தீவுக்குத் தீவு சட்டம் வேறு. பார்படோஸில் இத்தனை நாள் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஜமைக்காவில் வந்து இறங்கி 24 மணி நேரம் ஆக வேண்டும். பிரெஞ்சுத் தீவுகளில் வெளியூர்க்காரர்கள் சில நாள் பயணத்தில் பதிவு செய்வது நடக்காது. பாஸ்போர்ட்டோடு பிறப்புச் சான்றிதழும், முன்பு மணமாகி முறிந்திருந்தால் அதன் தீர்ப்பு நகலும் கேட்பார்கள்; ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். அவருடைய பிறப்புச் சான்றிதழை எடுத்து வரச் சொன்னாலே விஷயம் புரிந்துவிடும், ஆகவே இந்தப் பயணத்தில் மோதிரம் மட்டும். பதிவை ஊர் திரும்பிய பிறகு இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.