98 தடுத்தும் தோல்வி

கேள்வி: ஐஸ் ஹாக்கியில் டீம் டீமாக மாறிக்கொண்டே காலம் தள்ளும் கோல்கீப்பர்கள் உண்டாமே, யாராவது ஒருவரைச் சொல்லுங்களேன்?

பதில்: கனடாக்காரர் மைக்கேல் லெய்ட்டன். 2008-ல், வட அமெரிக்காவின் முதல்நிலை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லுக்கு அடுத்த படியான ஏ.ஹெச்.எல். லீக்கில் ஒரு பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) ஆட்டம் ஐந்தாவது ஓவர்டைம் வரை இழுத்துக்கொண்டு போக, மனிதர் 98 ஷாட்களைத் தடுத்தும் 3-2 என்று தோற்றார். 2009 டிசம்பரில் என்.ஹெச்.எல். அணியான கரோலினா கழற்றிவிட, பிலடெல்பியா அணி எடுத்துக்கொண்டது. அடுத்த மே மாதமே மான்ட்ரியலுக்கு எதிரான தொடரில் மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை! அப்புறம் என்.ஹெச்.எல். சாம்பியனைத் தீர்மானிக்கும் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம், ஓவர்டைம். சிகாகோவின் பேட்ரிக் கேன் ஓரத்திலிருந்து அடித்த பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) இவர் காலுக்கடியில் நுழைந்து வலையில் மாட்டிக்கொள்ள, கேன் மட்டும் துள்ளிக் குதிக்கிறார், மற்றவர்கள் பக் எங்கே என்று தேடுகிறார்கள். இன்றும் அந்த ஒரு கோலையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். ஏ.ஹெச்.எல்.லில் 50 ஷட்-அவுட் (ஒரு கோல்கூட விடாத ஆட்டம்) என்று ஜானி பவரின் பழைய சாதனையைத் தாண்டியவர் இவர்தான், அதைப் பேச ஆளில்லை, அநியாயம்.