ஒன்பது அணிக்கு ஆடிய தாடிக்காரர்: ரயன் ஃபிட்ஸ்பாட்ரிக் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்க ஃபுட்பாலில் அணி அணியாக மாறி ஆடுபவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான கேள்விகள் ஃபிட்ஸ்பாட்ரிக்கைப் பற்றியே இருந்ததால் அவரையே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, ஒன்பது அணி மாறினார் என்றால் ஆட்டம் சுமார் என்றுதானே அர்த்தம்?

அவசரப்படாதீர்கள் தம்பி. 2005 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 250வது ஆளாக, ஏழாவது சுற்றில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அவரை எடுத்தது. மொத்தமே ஏழு சுற்றுதான், அதாவது கடைசிப் பந்தி. அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர் 17 சீசன் தாக்குப்பிடித்தார், ஒன்பது அணிக்கும் முதல் குவாட்டர்பேக்காகவே (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார், வேறு யாரும் அதைச் செய்ததில்லை. ஆனால் ஒன்று, எதிரணியின் கடைசி எல்லைக்குள் போய்ப் புள்ளி தந்த டச்டவுன் பாஸ் 223 என்றால் எதிரணி கையில் போய் விழுந்தவையும் 169. துணிந்து வீசுவார், அதுதான் அவருடைய பலம், அதே கைதான் அவரைக் கவிழ்த்ததும்.

பிறகு ஏன் யாருமே வைத்துக்கொள்ளவில்லை?

வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். 2011ல் பஃபலோ பில்ஸ் ஆறு வருடத்துக்கு 5.9 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது, 2013லேயே கழற்றிவிட்டது. அமெரிக்க ஃபுட்பாலின் முதன்மை லீக்கான என்எஃப்எல்லில் தலைப்பில் வரும் தொகை வேறு, உத்தரவாதம் உள்ள தொகை வேறு, அதனால் பாதியில் அனுப்புவது அங்கே சர்வசாதாரணம். 2015ல் நியூயார்க் ஜெட்ஸுக்காக 31 டச்டவுன் வீசி, பத்து ஆட்டம் ஜெயித்து, கடைசி ஆட்டத்தையும் ஜெயித்தால் பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் சுற்று) என்ற நிலைமை. அந்த ஆட்டம் எங்கே தெரியுமா? அதே பஃபலோவில். நான்காவது கால்பகுதியில் மட்டும் மூன்று பாஸை எதிரணிக்குக் கொடுத்தார், 22-17 என்று தோற்றார்கள். கடைசிவரை அவர் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஹார்வர்டில் படித்தவராமே?

ஆமாம், பொருளாதாரம்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்கணும் என்றால் எதைப் பார்க்கலாம் சார்?

2020 டிசம்பர் 26, மயாமி டால்ஃபின்ஸுக்கும் லாஸ் வேகாஸ் ரைடர்ஸுக்கும் நடந்தது. சீசன் நடுவில் இவரை உட்காரவைத்து இளம் குவாட்டர்பேக் டுவாவை இறக்கியிருந்தார்கள், அன்று நான்காவது கால்பகுதியில் திரும்பக் கூப்பிட்டார்கள். 25-23 பின்தங்கியிருக்கிறார்கள், மிச்சம் 19 விநாடி. எதிராளி ஒருவர் ஹெல்மெட்டின் முகக்கம்பியைப் பிடித்து இழுக்கிறார், இவர் தலை ஒரு பக்கம் திருகிப்போய் எங்கோ பார்க்கிறது, கை மட்டும் பந்தை வீசிவிட்டது, 34 யார்டு தள்ளி மேக் ஹாலின்ஸ் பிடித்தார். முகக்கம்பியைப் பிடித்ததற்கு இன்னும் 15 யார்டு. கிக்கர் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார், மூன்று புள்ளி, 26-25, முடிந்தது.

இவரைவிட அதிகம் சுற்றியவர் உண்டா?

ஜாஷ் ஜான்சன். 14 என்எஃப்எல் அணிகளில் இருந்திருக்கிறார், பல இடங்களில் களத்தில் இறங்கவே வாய்ப்பில்லை. 2018 டிசம்பரில் வாஷிங்டன் அணி திடீரென்று அழைத்தபோது, தன்னோடு ஆடப்போகிறவர்களின் பெயர்களை மேடன் என்ற அமெரிக்க ஃபுட்பால் வீடியோ கேம் ஆடிப் பார்த்துப் படித்துக்கொண்டாராம். புது ஆபீசில் சேர்ந்த நாளே மீட்டிங் நடத்து என்கிற மாதிரிதான்.

ஃபிட்ஸ்பாட்ரிக் எப்படி முடித்தார்?

2021ல் வாஷிங்டன், முதல் ஆட்டத்திலேயே இடுப்பில் அடி, அதோடு சரி. 2022ல் ஓய்வு. நடுவில் 2022 ஜனவரியில் பில்ஸ் பிளேஆஃப் ஆடியபோது, உறையவைக்கிற குளிரில், கேலரியில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்று கத்திக்கொண்டிருந்தார், தன்னைக் கழற்றிவிட்ட அதே பஃபலோவுக்காக.