யெல்லோநைஃப் கோடைப் பயணம்: சிவப்பு வரைபடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

கேள்வி: டொரோண்டோவில் வசிக்கிறோம். ஜூலை கடைசியில் எட்மன்டன் வரை விமானத்தில் போய், அங்கிருந்து வாடகைக் காரில் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் இருக்கும் யெல்லோநைஃப் நகரத்துக்குப் போக எண்ணியிருக்கிறோம். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கான வானிலைக் கணிப்பில் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருக்கிறது. இயல்பைவிட அதிக வெப்பத்துக்கு 60% வாய்ப்பு என்று போட்டிருக்கிறார்கள். 2023 மாதிரி காட்டுத்தீ வருமா? அம்மாவும் எங்களோடு வருகிறார், அவருக்கு ஆஸ்துமா. போகலாமா, ரத்து செய்துவிடலாமா?

பதில்: இப்போதே ரத்து செய்ய வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறும் விதத்தில் விமானம், அறை, கார் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். கடைசி முடிவைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது எடுங்கள். அந்த முடிவுக்கு இந்தச் சிவப்பு வரைபடம் உதவாது. ஏன் என்று சொல்கிறேன்.

பருவக் கணிப்பு போடுகிறவர்கள் 1991 முதல் 2020 வரையிலான 30 கோடைகளை வெப்பத்தின்படி வரிசைப்படுத்தி மூன்றாகப் பிரிப்பார்கள்: குளிர்ச்சியான பத்து, நடுவில் பத்து, வெப்பமான பத்து. எதுவுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33% வாய்ப்பு. 60% என்றால், இந்தக் கோடையின் சராசரி அந்த வெப்பமான பத்தின் வரிசையில் சேர நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை டிகிரி கூடும் என்று அது சொல்லவில்லை. அரை டிகிரி கூடினாலும் அதே சிவப்புதான். வடக்கு வேகமாகச் சூடேறி வருவதால், பழைய 30 ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இந்தச் சிவப்பு இப்போதெல்லாம் அடிக்கடி வரும். அதே கணிப்பின் மழை வரைபடத்தையும் திறந்து பாருங்கள், பெரும்பகுதி வெள்ளையாக இருக்கும். மூன்றுக்கும் சம வாய்ப்பு, சொல்ல எதுவும் இல்லை என்பதற்குத்தான் அந்த வெள்ளை. தீயைப் பொறுத்தவரை வெப்பத்தைப் போலவே மழையும் முக்கியம். அந்த மழையைத்தான் மூன்று மாதம் முன்னால் சொல்ல முடிவதில்லை.

சரி, அங்கே எது எரிகிறது? யெல்லோநைஃப் பக்கம் ஆண்டு முழுவதும் விழும் மழையும் பனியும் சேர்ந்தே 300 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஏரிகளும் சதுப்பு நிலமும் நிறைந்திருப்பதால் ஈரமான நாடு போலத் தெரியும். ஆனால் காட்டுக்குள் காலை வைத்தால் தரை மெத்தை போல அமுங்கும். பாசியும் மட்கிய இலைதழையும் அடுக்கடுக்காகக் கிடக்கும். அதன் மேல் நிற்பவை கருப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள். ஒல்லியானவை, பிசின் நிறைந்தவை, கிளைகள் ஏறக்குறைய தரை வரைக்கும் தொங்கும். பாசியில் பிடித்த தீ அந்தக் கிளைகள் வழியாகவே உச்சிக்கு ஏறிவிடும். ஜூன் கடைசியில் அங்கே பகல் 20 மணி நேரம். நம் ஊர்களில் இரவு குளிர்ந்து ஈரம் ஏறும்போது தீ அடங்குமே, அந்த இடைவேளை அங்கே மிகக் குறைவு.

பாசிக்குக் கீழே எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைக் கணக்கிடக் கனடாவில் வறட்சிக் குறியீடு என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். கனடா அரசின் காட்டுத்தீத் தகவல் தளத்தில் தினமும் வரைபடமாக வரும். ஒரு நாளில் 2.8 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்த மழையை இந்தக் குறியீடு கணக்கிலேயே சேர்ப்பதில்லை, ஏனென்றால் அது மேல்பாசியோடு நின்றுவிடும். அடியில் இருக்கும் அடுக்கு காய்வதற்கும் வாரக்கணக்கு, நனைவதற்கும் வாரக்கணக்கு. முந்தைய ஆண்டு இலையுதிர்காலத்தில் மழை பொய்த்து, பனியும் குறைவாக விழுந்திருந்தால், வசந்தத்திலேயே இந்த எண் உயரத்தில் இருந்துதான் தொடங்கும். சில தீ பனிக்கு அடியில் குளிர்காலம் முழுக்கப் புகைந்துகொண்டிருந்து மே மாதம் மறுபடி தலைதூக்குவதும் உண்டு. ஜூலை நடுவில் அந்த எண் 500-ஐத் தாண்டியிருந்தால் நான் யோசிப்பேன். 200, 250 என்று இருந்தால் வரைபடம் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் கிளம்புவேன்.

காய்ந்த காடு மட்டும் போதாது, பற்றவைக்க ஏதாவது வேண்டும். அங்கே எரியும் பரப்பில் மிகப் பெரும்பங்கு மின்னலால் வருவது. வழக்கமாக நடப்பது இதுதான்: உயரழுத்த மேடு, அதாவது காற்றழுத்தம் கூடிய பகுதி, ஒன்று வந்து ஒரு வாரம், பத்து நாள் அசையாமல் உட்காரும். வானம் தெளிவு, வெயில், காடு மொறுமொறுவென்று காயும். அப்புறம் அந்த மேடு உடையும். உடையும்போது மழையில்லாத இடி, மின்னல், பலத்த காற்று எல்லாம் ஒன்றாக வரும். ஒரு கோடையில் எரியும் பரப்பில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சில நாட்களில் எரிந்துவிடுகிறது. மூன்று மாதச் சராசரிக்குள் அந்த நாட்கள் காணாமல் போய்விடும். ஆனால் ஒரு வார முன்னறிவிப்பில் தெரியும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் முடிவெடுங்கள் என்று சொன்னது இதனால்தான்.

தீயணைப்பவர்களிடம் ஓர் எளிய கணக்கு உண்டு. வெப்பநிலை எண்ணும் ஈரப்பதச் சதவீத எண்ணும் ஒன்றையொன்று கடக்கிறதா என்று பார்ப்பார்கள். 28 டிகிரி வெயில், ஈரப்பதம் 24% என்றால் கடந்துவிட்டது. அன்று மதியம் காற்றும் சேர்ந்தால் தீ ஓடும். உங்கள் கைபேசியில் இருக்கும் வானிலைச் செயலியிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

2023-இல் எல்லாமே ஒரே நேரத்தில் கூடின. முந்தைய ஆண்டின் வறட்சி, சீக்கிரம் வந்த வெப்பம், ஆகஸ்ட் நடுவில் காற்று. ஆகஸ்ட் 13 அன்று தீ எண்டர்பிரைஸ் என்ற சிற்றூரை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது. நீங்கள் காரில் போகும் வழியில்தான் அந்த ஊர் இருக்கிறது. ஆகஸ்ட் 16 அன்று யெல்லோநைஃபில் இருந்த சுமார் 20,000 பேரையும் வெளியேறச் சொன்னார்கள். செப்டம்பர் 6 அன்றுதான் திரும்ப அனுமதித்தார்கள். அந்தப் பிரதேசத்தில் மட்டும் அந்த ஆண்டு 40 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு எரிந்தது. 2014-இலும் 34 லட்சம் ஹெக்டேர் எரிந்திருக்கிறது. அடிக்கடி வருவதில்லை, ஆனால் அரிதும் இல்லை. ஆகஸ்ட் வந்தால் குளிர்ந்துவிடும் என்று உள்ளூர்க்காரர்களே நம்பியிருந்த ஆண்டு 2023 என்பதையும் நினைவில் வையுங்கள்.

தீ வரைபடத்தில் ஐம்பது, அறுபது புள்ளிகள் தெரிந்தால் கலங்க வேண்டாம். வடமேற்குப் பிரதேசத்தில் ஊருக்கோ சாலைக்கோ ஆபத்தில்லாத தீயைப் பல நேரம் அணைக்கவே போக மாட்டார்கள், கண்காணிப்போடு சரி. அந்தக் காடு எரிந்து எரிந்து வளர்ந்த காடு. 'கட்டுக்குள் இல்லை' என்று போட்டிருக்கும் தீ, 200 கிலோமீட்டர் தள்ளி ஆளில்லாத இடத்தில் எரிந்துகொண்டிருக்கலாம். உங்கள் சாலைக்கு எவ்வளவு பக்கம், காற்று எந்தத் திசை, இவை இரண்டை மட்டும் பாருங்கள்.

ஏனென்றால் உங்கள் உண்மையான சிக்கல் சாலைதான். எட்மன்டனில் இருந்து சுமார் 1,450 கிலோமீட்டர். ஹை லெவல் என்ற ஊரைத் தாண்டி, எண்டர்பிரைஸ் வழியாகப் போய், மூன்றாம் எண் நெடுஞ்சாலையில் ஏறி மெக்கன்சி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் யெல்லோநைஃப் வரை வேறு வழியே கிடையாது. அது மூடினால் நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்களோ அந்தப் பக்கம்தான். அந்தச் சாலையில் ஃபோர்ட் பிராவிடன்ஸ் என்ற ஊரில் இருந்து பெச்சோகோ என்ற ஊர் வரை சுமார் 200 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் இல்லை, பெரும்பாலும் கைபேசிச் சிக்னலும் இல்லை. ஆகவே ஃபோர்ட் பிராவிடன்ஸில் டேங்கை நிரப்பாமல் கிளம்பாதீர்கள். புகை மூட்டத்தில் அந்தச் சாலையில் காட்டெருமை நிற்பது கடைசி நொடியில்தான் தெரியும், மெதுவாகப் போங்கள். காரை எடுக்கும்போது வட பிரதேசங்களுக்குக் கொண்டுபோக ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். திரும்பும் தேதிக்குப் பிறகு இரண்டு நாள் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். சாலை மூடினால் வேலைக்குத் திரும்ப வேண்டுமே என்ற அவசரத்தில் தப்பு முடிவெடுக்காமல் இருக்கலாம்.

அம்மா விஷயத்தில் தீயைவிடப் புகைதான் கவலை. புகைக்குப் பக்கத்தில் தீ இருக்க வேண்டும் என்பதில்லை. 2023 ஜூனில் கியூபெக் தீயின் புகை டொரோண்டோவுக்கே வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கனடாவின் காற்றுத் தரச் சுகாதாரக் குறியீடு 1 முதல் 10+ வரை போகும். மற்றவர்களுக்கு 6 வரை பெரிய தொல்லை இருக்காது. ஆஸ்துமாக்காரர்கள் 4-இல் இருந்தே வெளியே சுற்றுவதைக் குறைத்துக்கொள்வது நல்லது. 7 ஆகிவிட்டால் அன்று அம்மா அறையில் இருக்கட்டும். இன்ஹேலர் எல்லாம் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். புகை நாட்களில் மருந்தைக் கூட்டுவது பற்றி அவருடைய மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். என்95 முகக்கவசம் போதும், துணிக் கவசத்தால் பயனில்லை. காரில் ஏசியை உள்காற்றே சுழலும்படி வையுங்கள். யெல்லோநைஃபில் ஸ்டான்டன் மருத்துவமனை இருக்கிறது. வழியில் சிற்றூர்களில் சுகாதார நிலையம்தான், அதனால் மூச்சுத் திணறல் தொடங்கினால் அடுத்த ஊர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த ஆண்டே அம்மாவுக்கு இரண்டு முறை நோய் முற்றி மருத்துவமனை போக வேண்டியிருந்தது என்றால், அவரை மட்டுமாவது எட்மன்டனில் இருந்து விமானத்தில் அழைத்துப் போங்கள்.

பள்ளி விடுமுறைக் கட்டாயம் இல்லையென்றால் செப்டம்பர் முதல் இரண்டு வாரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வேன். புகைக்கு வாய்ப்பு குறையும், கொசு அடங்கியிருக்கும் (ஜூலைக் கொசுவைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது), இரவு இருட்டிவிடுவதால் வடதுருவ ஒளியும் தெரியும். ஜூலையில் அது தெரியவே தெரியாது.

பயணக் காப்பீட்டை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். தீ பற்றிய செய்தி வெளிவந்த பிறகு வாங்கினால், ஏற்கெனவே தெரிந்த சம்பவம் என்று சொல்லிப் பெரும்பாலான நிறுவனங்கள் இழப்பீட்டை மறுத்துவிடும். வெளியேற்ற உத்தரவு வந்தால் செலவு கிடைக்குமா, வெறும் எச்சரிக்கைக்கும் கிடைக்குமா என்று விதிமுறையில் பாருங்கள். பல திட்டங்களில் இரண்டுக்கும் வேறு வேறு விதி.