பிறந்தநாள் விழாவும் பிள்ளைகளின் நடத்தையும்: கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு 5 வயது முடிகிறது. 12 பிள்ளைகள் வருகிறார்கள். விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டலாமா?

பதில்: அந்த வயதில் பலருக்கு வாசிக்க வராது. வாயால் சொல்லுங்கள், 3 விதி போதும். ‘கை நம்மகிட்டயே இருக்கும்’, ‘என் முறை வரும்வரை காத்திருப்பேன்’, ‘யாராவது வேண்டாம்னா உடனே நிறுத்துவேன்’. ‘தள்ளாதே, பிடுங்காதே, கத்தாதே’ என்று அடுக்கினால், அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாமலே போகும். எல்லாரும் வந்ததும், முதல் விளையாட்டுக்கு முன், வட்டமாக உட்காரவைத்து 2 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மூன்றாவது விதியைப் பெரியவர்கள் இருவர் நடித்துக் காட்டுவது நல்லது: ஒருவர் கிச்சுகிச்சு மூட்ட, மற்றவர் ‘வேண்டாம்’ என்றதும் முதலாமவர் இரண்டு கையையும் சட்டென்று மேலே தூக்க வேண்டும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள். பிறகு விளையாட்டு எல்லை மீறும்போது நீங்கள் கையைத் தூக்கிக் காட்டினாலே போதும்.

கேள்வி: மியூசிக்கல் சேர் வைத்தாலே அழுகை, சண்டை. விட்டுவிடலாமா?

பதில்: விளையாட்டை விட வேண்டாம், விதியை மாற்றுங்கள். முதல் சுற்றிலேயே வெளியேறும் பிள்ளைக்கு அதன்பின் வேலையே இல்லை. அழுவான், அல்லது ஆடுகிறவர்களைச் சீண்டுவான். ஒவ்வொரு சுற்றிலும் ஆளை எடுக்காமல் இருக்கையை மட்டும் எடுங்கள். மிச்சமிருப்பதில் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து எல்லாரும் அமர வேண்டும். இதற்கு நாற்காலி சரிவராது, கவிழும்; தரையில் சிறு விரிப்புகள் போடுங்கள். 12 பேருக்கு 4 விரிப்பு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அதற்கும் கீழே போனால் நெரிசலில் யாராவது மிதிபடுவார்கள்.

கேள்வி: விருந்தாளிப் பிள்ளை இன்னொருவனை அடித்துவிட்டால்? அவன் அம்மா அங்கே இல்லை.

பதில்: முதலில் அடிபட்டவனிடம் போங்கள். அடித்தவனிடம் முதலில் ஓடினால், அடித்தால் எல்லாரும் நம்மைப் பார்ப்பார்கள் என்று அவன் மனதில் பதியும். பிறகு அவனை ஓரமாக அழைத்து, அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து, ‘அடிச்சா வலிக்கும். அடிக்க விடமாட்டேன்’ என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். அவ்வளவுதான், பிரசங்கம் வேண்டாம். எல்லார் முன்னாலும் ‘சாரி சொல்லு’ என்று நிற்கவைக்காதீர்கள். வெட்கமும் கோபமும்தான் மிஞ்சும். அதைவிட, கலைந்த கட்டைகளைச் சேர்ந்து அடுக்குவது, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது என்று சரிசெய்ய ஒரு வேலை கொடுங்கள். அமைதியானதும் மறுபடி ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் அம்மா வந்ததும் நடந்ததைத் தனியாக, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: இனிப்பு சாப்பிட்டதும் துள்ளுகிறார்கள். கேக்கைக் குறைத்தால் அடங்குவார்களா?

பதில்: மாட்டார்கள். 1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. சத்தம், கூட்டம், தள்ளிப்போன தூக்கம், இவைதான் காரணம். பாட்டின் ஒலியைக் குறையுங்கள். 5 வயதுக்காரர்களுக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம்.

கேள்வி: பரிசைப் பிரித்ததும் மகன் ‘இது என்கிட்ட இருக்கே!’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான்.

பதில்: பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டாம். ‘எனக்காகக் கொண்டுவந்ததுக்கு நன்றி’ என்பது எந்தப் பரிசுக்கும் பொருந்தும், உண்மையும்கூட. முந்தைய நாள் ஒரு பழைய பொம்மையைத் தாளில் சுற்றிக் கொடுத்துப் பழக்குங்கள். இருந்தும் சந்தேகமாக இருந்தால் எல்லாரும் போனபின் பரிசைப் பிரியுங்கள்.

கேள்வி: மகனுடைய பொம்மைகளை யாரும் தொடக்கூடாதாம்!

பதில்: விழாவுக்கு முன்பே அவனுக்கு மிகப் பிடித்த இரண்டு மூன்றை அவன் கையாலேயே அலமாரியில் வைத்துப் பூட்டட்டும். வெளியே இருப்பதெல்லாம் எல்லாருக்கும். இந்த ஒப்பந்தத்தை முதல் விருந்தாளி வருவதற்குள் பேசி முடித்துவிடுங்கள். பொம்மை இன்னொருவன் கையில் இருக்கும்போது பேசினால் ஏறாது.

கேள்வி: பலூனை உடைத்து ஒருவரையொருவர் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: ‘வேண்டாம்னா நிறுத்து’ விதி இதற்கும் பொருந்தும். உடைந்த துண்டுகளை உடனுக்குடன் பொறுக்குங்கள். 8 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அவை தொண்டையில் சிக்கி மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. ஊதாத பலூனும் அப்படியே, கைக்கு எட்டாமல் வையுங்கள்.