போர் வாக்கும் பணப்பையும்: வாசகர் கேள்விகள்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் போர் அதிகாரம் பற்றிச் சென்ற முறை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவை. பலரும் கேட்ட கேள்விகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆயுத நிறுவனங்கள் உறுப்பினர்களைக் காசு கொடுத்து வாங்குகின்றன என்கிறார்கள். அப்பட்டமாக அப்படி நடந்ததுண்டா? (சேலம்)

உண்டு. கலிஃபோர்னியா உறுப்பினர் ராண்டி கன்னிங்ஹாம் வியட்நாம் போரில் எதிரி விமானங்களை வீழ்த்திப் பெயர் பெற்றவர். ராணுவச் செலவை ஒதுக்கும் துணைக் குழுவில் இருந்தவர். ராணுவ ஒப்பந்தக்காரர்களிடம் 24 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கியதை 2005-ல் ஒப்புக்கொண்டார். எட்டு ஆண்டு நான்கு மாதம் சிறைத் தண்டனை.

அந்த வழக்கில் சிக்கிய ஒரு துண்டுத் தாளை மறக்க முடியாது. அவருடைய நாடாளுமன்றக் குறிப்புத் தாளில், மளிகைக் கடைச் சீட்டு போல இரண்டு வரிசை எண்கள். 1.6 கோடி டாலர் ஒப்பந்தம் வேண்டுமென்றால் 1.4 லட்சம் டாலர் மதிப்புள்ள படகு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் 50,000. ஒப்பந்தம் 2 கோடியைத் தாண்டினால் அந்த 50,000 பாதியாகிவிடும். மொத்தமாக வாங்குகிறவருக்குத் தள்ளுபடி!

ஆனால் அவர் விற்றது ஒப்பந்தங்களைத்தான். போருக்கான வாக்கை இப்படி ரொக்கத்துக்கு விற்றதாக யாரும் பிடிபட்டதை நான் அறியேன். அதற்கு அவசியமும் இல்லை. சட்டமே வேறு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. நிறுவனங்கள் வேட்பாளர்களுக்கு நேரடியாக நன்கொடை தர 1907 முதல் தடை. அதனால் ஊழியர்களிடமும் அதிகாரிகளிடமும் வசூலித்து ஒரு தனிக் குழுவின் பெயரில் கொடுக்கிறார்கள். ஒரு வேட்பாளருக்கு உட்கட்சித் தேர்தலுக்கு 5,000 டாலர், பொதுத் தேர்தலுக்கு இன்னொரு 5,000. வேட்பாளரோடு சேராமல் தனியாகப் பிரசாரம் செய்கிறோம் என்றால், 2010-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு செலவுக்கு உச்சவரம்பே கிடையாது.

சிரியா மீது தாக்குதல் நடத்த வாக்களித்த செனட்டர்கள், எதிர்த்தவர்களைவிட 83 சதவீதம் அதிகமாக ஆயுதத் துறைப் பணம் பெற்றவர்கள் என்று படித்தேன். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? (கோவை)

கணக்கு சரிதான். 2013 செப்டம்பர் 4 அன்று செனட்டின் வெளியுறவுக் குழுவில் 10 பேர் ஆதரித்தார்கள், 7 பேர் எதிர்த்தார்கள். முந்தைய சில ஆண்டுகளில் ஆதரித்தவர்களுக்குச் சராசரியாக 72,850 டாலர் வந்திருந்தது, எதிர்த்தவர்களுக்கு 39,770.

ஆனால் காசு வந்ததால் கை தூக்கினார்களா, கை தூக்குகிறவர்கள் என்று தெரிந்து காசு வந்ததா? ஆதரித்தவர்களில் ஒருவரான செனட்டர் ஜான் மெக்கெய்னை எடுத்துக்கொள்ளுங்கள். தலையிட வேண்டும் என்று முதலிலிருந்தே முழங்கியவர் அவர். முந்தைய நாள், தாக்குதலுக்கான காரணங்களை அமைச்சர்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் கைப்பேசியில் போக்கர் ஆடிக்கொண்டிருந்ததைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் படம் பிடித்துவிட்டார். எப்போதோ முடிவெடுத்துவிட்டவரை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தேர்தலில் அவர் தோற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நன்கொடை செய்கிற வேலை பெரும்பாலும் அதுதான்.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். தாக்குதலுக்கு அனுமதி தரும்படி ஜனாதிபதி ஒபாமா கேட்டார். பிரதிநிதிகள் சபையின் இரு கட்சித் தலைவர்களும் ஆதரித்தார்கள். ஐபாக் என்ற வலுவான இஸ்ரேல் ஆதரவு அமைப்பு வெளிப்படையாகவே ஆள் அனுப்பி ஆதரவு திரட்டியது. இத்தனை இருந்தும் முழு சபை வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. தொகுதி மக்கள் ‘வேண்டாம்’ என்று தொலைபேசியில் துளைத்தெடுத்தார்கள். சிரியா தன் இரசாயன ஆயுதங்களை ஒப்படைக்கலாம் என்ற யோசனையை ரஷ்யா கொண்டுவந்ததும், செப்டம்பர் 10 அன்று ஒபாமாவே வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொன்னார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் வாக்கெடுப்பில் பணத்தின் பலம் குறைவு என்பது என் கணிப்பு.

அப்படியானால் இவ்வளவு செலவழித்து என்னதான் வாங்குகிறார்கள்? (தஞ்சாவூர்)

முதலில், உள்ளே போய் உட்கார ஒரு நாற்காலி. இதை ஆய்வாளர்கள் இருவர் சோதித்தே பார்த்தார்கள். 191 உறுப்பினர் அலுவலகங்களுக்குச் சந்திப்பு கேட்டுக் கடிதம் போனது. சிலவற்றில் வருகிறவர்கள் தொகுதி மக்கள் என்றும், சிலவற்றில் நன்கொடையாளர்கள் என்றும் எழுதியிருந்தது. வேறு வித்தியாசம் இல்லை. நன்கொடையாளர் என்று தெரிந்தபோது உறுப்பினரோ மூத்த அதிகாரியோ நேரில் சந்தித்தது மூன்று மடங்குக்கும் மேல்.

இரண்டாவது, யாரும் பார்க்காத வாக்குகள். எஃப்-35 போர் விமானத்துக்கு ஒரு எஞ்சின் போதும், இரண்டாவது வேண்டாம் என்று ராணுவ அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் தலைதலையாக அடித்துக்கொண்டார். நாடாளுமன்றமோ வருடா வருடம் பணம் ஒதுக்கியது. அந்த எஞ்சினைத் தயாரித்த ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆலை, சபாநாயகர் ஜான் பெய்னரின் ஒஹையோ தொகுதிக்குப் பக்கத்தில் இருந்தது. கடைசியில் 2011 பிப்ரவரியில் 233-198 என்ற கணக்கில் 45 கோடி டாலரை வெட்டினார்கள். வேண்டாம் என்று ராணுவமே சொன்ன பொருளுக்கு 198 பேர்! நன்கொடையைவிடத் தொகுதியில் இருக்கும் வேலைகள்தான் பெரிய லஞ்சம். உதிரிபாக ஒப்பந்தங்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்துப் போடுவதில் இந்த நிறுவனங்கள் கைதேர்ந்தவை.

2001-ல் ஜனாதிபதிக்குப் போர் அதிகாரம் தரும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபையில் தனியாளாக எதிர்த்து வாக்களித்த பார்பரா லீ மட்டும்தான் விலைபோகாதவரா? (நாகர்கோவில்)

அப்படிச் சொல்வது மற்ற 420 பேருக்கு அநியாயம். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்றே நாள். அன்று பேசியது கோபமும் பயமும்தான். ஆனால் அந்தத் தீர்மானத்தை வைத்து இருபது ஆண்டு பல நாடுகளில் சண்டை நடந்தது. அதை ரத்து செய்யும் முயற்சிகளில் பல குழு அறைகளிலேயே கரைந்துபோயின. சந்தேகப்படுவதென்றால் அங்கே சந்தேகப்படுங்கள்.

வெளிநாட்டு அரசுகளும் இப்படிச் செய்யலாமா? (யாழ்ப்பாணம்)

வேட்பாளருக்கு ஒரு காசும் தரக்கூடாது. லாபி நிறுவனத்தை, அதாவது உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு திரட்டித் தரும் நிறுவனத்தை அமர்த்தலாம்; 1938-ம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிறுவனம் பதிவு செய்ய வேண்டும். சவூதி அரேபியா முன்னாள் செனட்டர்களையே வேலைக்கு வைத்திருந்தது. இருந்தும் சவூதி நடத்திய ஏமன் போருக்கான அமெரிக்க உதவியை நிறுத்தும் தீர்மானம் 2019-ல் செனட்டில் 54-46, பிரதிநிதிகள் சபையில் 247-175 என்று நிறைவேறியது. பத்திரிகையாளர் கஷோகி சவூதி ஆட்களால் கொல்லப்பட்ட பிறகு சவூதிக்காக வாயைத் திறக்கவே பலர் கூசினார்கள். ட்ரம்ப் தன் ரத்து அதிகாரத்தால் அதைச் செல்லாததாக்கினார்.

உங்கள் கேள்வியின் உட்பொருள் புரிகிறது. போருக்குப் பின் கெட்டுப்போன பெயரை வாஷிங்டனில் சீர்செய்ய, இமாத் ஜுபேரி என்ற தரகருக்கு இலங்கை அரசு 2014-ல் 65 லட்சம் டாலர் அனுப்பியது. அதில் 56 லட்சத்துக்கும் மேல் தன் குடும்பத்துக்கே செலவழித்துக்கொண்டார் மனிதர். 2021-ல் அவருக்கு 12 ஆண்டு சிறை விதித்தார்கள். கொடுத்தது அந்நாட்டு மக்களின் வரிப்பணம்.

இந்தக் கணக்குகளை நாமே பார்க்க முடியுமா? (மதுரை)

தாராளமாக. அமெரிக்கத் தேர்தல் ஆணையத்தின் இணையதளம் யாருக்கும் திறந்திருக்கிறது. 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர், ஊர், தொழிலோடு வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். உறுப்பினரின் பெயரில் தேடாதீர்கள். நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பிறகு அந்தப் பணம் போய்ச் சேர்ந்தவர்கள் எந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.